யாங்கோனில் இலை போடும் காலம்

1

போன மாதம் என் மகள் படிக்கும் பாலர் பள்ளிக்கு இலையுதிர் காலம் வந்து சேர்ந்தது. அப்போது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்ததும் அதே நாளில்தான். கேக் வெட்டினோம் என்று எண்ணிவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் பாதி நாள் உட்கார்ந்து, போன வருடம் இருந்த அதே ஆள்தான் நான் என்று நிரூபித்துவிட்டு வர வேண்டும். எனக்கு நிறைவு விழா என்பது அவ்வளவுதான். முதல் வருடம் அங்கே இருந்த அதிகாரி என் தாள்களில் முத்திரை குத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "பீ பீ" என்றார். படித்தவர், சீருடை வேறு போட்டிருக்கிறார், இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் விடாமல் இன்னொரு முறையும் சொன்னார். எனக்கு இப்போது அவசரம் இல்லை என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்தேன். 'முடிந்துவிட்டது' என்பதற்குப் பர்மிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது, பின்னால் எனக்கு மனைவியாக வந்த தேவி சொல்லித்தான் தெரியும். அவள் இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப்பெண். அன்று சிரிக்க ஆரம்பித்தவள் கல்யாணத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பெற்றோர் குழுவில் பள்ளியின் செய்தி வந்து விழுந்தது. வரும் வாரம் இலையுதிர் காலக் கற்றல் வாரம். பிள்ளைகள் இலைகள் நிறம் மாறுவதைக் கவனிப்பார்கள். ஓக் மரத்துக் கொட்டைகளை எண்ணுவார்கள். அணில்கள் குளிர்காலத்துக்கு உணவு சேர்ப்பதைப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை இலை உதிரும் விழா. ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து உதிர்ந்த இலைகள் கொண்டுவர வேண்டும், கம்பளி உடுப்பு அணிந்து வர வேண்டும், தாத்தா பாட்டிகளும் வரலாம்.

நான் நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவோரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் பச்சையாக நனைந்துகொண்டிருந்தது. அதில் உதிர்கிற உத்தேசமே தெரியவில்லை.

2

பள்ளி சான்சாவுங் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. நடத்துபவர் டோ கின் மார். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, கணக்குப் பார்ப்பவர் எல்லாம் அவரே. பெரிய டீச்சர் என்ற பொருளில் எல்லோரும் அவரைச் சயாமாஜி என்போம். நல்ல மனுஷி. என்ன செய்வது, குளிர் நாடு ஒன்றிலிருந்து ஒரு பாடத்திட்டத்தை வாங்கிவிட்டார். அதில் நான்கு பருவங்கள் இருக்கின்றன. நான்கும் நடந்ததற்கு வீடியோ எடுத்து அனுப்பினால்தான் பள்ளியின் சான்றிதழ் தொடரும். யாங்கோனில் இருப்பதோ மூன்று: வெயில், மழை, குளிர் என்று மரியாதைக்குச் சொல்லப்படும் இன்னொரு வெயில்.

இலையுதிர் காலம் எங்கள் ஊரில் வரவில்லை என்று எழுதிப் போட்டுவிடலாமே என்று ஒரு தகப்பனார் கேட்டாராம். போன வருடம் பனிக்காலத்தையே நடத்திவிட்டேன், இதை நடத்த முடியாதா என்று சயாமாஜிக்கு ரோஷம் வந்துவிட்டது. பனிக்காலத்தைத் தெர்மோகோல் பெட்டிகளைத் துருவி நடத்தினார்கள். ஒரு பிள்ளை பனியைத் தின்றுவிட்டு இரண்டு நாள் வரவில்லை.

ஓக் கொட்டைக்கு இந்த ஊரில் எங்கே போவது? வெற்றிலைக் கடையிலிருந்து கொட்டைப்பாக்கு வந்தது. பிள்ளைகள் பத்து வரை எண்ணினார்கள். அணில் கிடைக்கவில்லை. வாசல் காவலாளி நல்ல வெற்றிலைப் பிரியர், எண்ணி முடித்த பாக்கையெல்லாம் பிள்ளைகள் வரிசையில் போய் அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் குளிர்காலத்துக்குச் சேமித்துக்கொண்டார். பரங்கிக்காயில் கண்ணும் மூக்கும் வெட்டி வைத்திருந்ததைப் பார்த்து, கண்ணேறு படாமல் இருக்க இதை வாசலில் கட்டிவிடட்டுமா என்று நான் உண்மையாகவே கேட்டேன். எங்கள் ஊரில் வேறு எதற்கு அதில் மூஞ்சி வரைவார்கள்?

காற்றுதான் பெரிய பிரச்சினை. பாடத்திட்டத்தின்படி இலைகள் காற்றில் சுழன்று விழ வேண்டும். அதற்கு ஒரு பெரிய மின்விசிறி ஏற்பாடாயிற்று. ஆனால் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஆகவே எங்கள் பகுதிக்கு மின்சாரம் இருக்கும் நேரம்தான் இலையுதிர் காலம் என்று முடிவானது.

இதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. நான் பிழைப்பதே இலையுதிர் காலத்தால்தான். லைங் தாயாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. குளிர் நாட்டுக்காரர்கள் இலை உதிரும்போது போட்டுக்கொள்ளும் மேலுடுப்புகளை நாங்கள் சித்திரை மாதத்தில் தைத்துத் தள்ளுவோம். உள்ளே பஞ்சு வைத்த கைகளைத் தைக்கும் பெண்களின் முதுகில் வியர்வை வழியும், பெட்டியின் மேல் 'இலையுதிர் காலம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். ஒன்பது வருடமாக அதைக் கப்பல் ஏற்றி அனுப்புகிறேன், ஒரு முறை கூடக் கண்ணால் பார்த்ததில்லை. தையல் பிசகி ஒதுக்கிய சிறுவர் உடுப்புகள் இருந்தால் விழாவுக்குக் கொடுத்து உதவ முடியுமா என்று சயாமாஜி கேட்டார். முதலாளியிடம் சொல்லி இருபது உருப்படி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றுக்கு இடது கை இல்லை.

தாராபுரத்தில் நான் படித்த காலத்திலும் இந்தப் பருவம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. இலையுதிர் காலம் எப்போது வரும் என்று பரீட்சையில் ஒரு கேள்வி. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, மாசி மாதம் என்று எழுதினேன். அந்த மரம் மாசியில்தான் கொட்டும், மைதானத்தைக் கூட்டியதே நாங்கள்தான். வாத்தியார் சுழி போட்டார். மரத்தைப் பார்த்து எழுதக் கூடாது, புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றார்.  

3

இந்தக் கூத்தில் நான் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. என் மகள் பள்ளியில் பேசுவதில்லை.

யாழினிக்கு ஐந்து வயது. ஜூனில் சேர்த்தோம். அன்று முதல் வகுப்பில் ஒரு வார்த்தை, அரை வார்த்தை, ம்ம் என்ற ஒலி கூடக் கிடையாது. வீட்டில் அப்படியில்லை. வாயை மூட வைக்க லஞ்சம் கொடுக்க வேண்டும். தமிழில் ஆரம்பித்துப் பர்மியத்தில் வளைத்து ஆங்கிலத்தில் முடிப்பாள். ஒரு நாள், "அப்பா, மோ வருது, மோ வருது" என்று வாசலிலிருந்து கத்தினாள். மோர்க்காரி எப்போதிலிருந்து இந்தத் தெருவுக்கு வருகிறாள் என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். மோ என்றால் மழை. சொம்பு நிறைந்த பிறகுதான் திரும்பினேன்.

பள்ளியில் முதலில் பெயரே தகராறு. 'ழ' இந்த ஊர் நாக்குக்கு ஆகாது. யாலினி, யாரினி என்றெல்லாம் முயன்று பார்த்துவிட்டு, கடைசி எழுத்தைப் பிடித்து, இங்கே வழக்கமாகச் செய்வதுபோல் இரட்டித்து, 'நீநீ' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். பர்மிய மொழியில் நீ என்றால் சிவப்பு, அழகான பெயர்தான். ஆனால் தமிழ்ப் பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? சயாமாஜி எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், என்னை மட்டும் கூப்பிடவே மாட்டேன் என்கிறார், கடைசியில் யாரையோ பார்த்து நீ, நீ என்கிறார் என்று இரண்டு மாதம் கழித்து அம்மாவிடம் சொல்லி அழுதாள். போய் விளக்கினோம். சயாமாஜி மன்னிப்புக் கேட்டு, மறுநாள் முதல் யாலினி என்றே அழைத்தார். அதற்கும் பதில் இல்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் இருவரையும் சின்ன நாற்காலிகளில் உட்கார வைத்துப் பேசினார். குழந்தையின் தலைக்குள் மூன்று மொழிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன, வீட்டில் ஒன்றை நிறுத்திவிட்டால் வழி கிடைக்கும் என்றார். எதை நிறுத்துவது? மூன்று விரல்களை நீட்டினார். தெருவுக்குப் பர்மியம் வேண்டும். பள்ளிக்கு ஆங்கிலம் வேண்டும். மூன்றாவது விரலை, மிகவும் வருத்தத்தோடு, மடக்கினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது லைன் கார் என்று இங்கே சொல்லும் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். தேவி சண்டை போடவில்லை.

"அவ வாயத் தொறந்தாப் போதும் எனக்கு. எந்தப் பாஷையில தொறந்தா என்னாங்க" என்றாள்.

அவளுடைய முப்பாட்டன் கப்பலேறி வந்தவர். நான்கு தலைமுறையாக வீட்டில் விடாமல் வைத்திருந்த மொழி. அதை விடலாம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மறுத்துப் பேச முடியவில்லை. பேரம் பேசினேன். இலை உதிரும் விழா வரை பார்ப்போம். அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம். பேசாவிட்டால் மறுநாளிலிருந்து வீட்டில் தமிழ் கிடையாது. தேவி ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தமிழ் இல்லையென்றால் நான் என் மகளிடம் எதில் பேசுவது? என்னுடைய பர்மிய மொழி காய்கறிக் கடை வரை போகும். தக்காளி அழுகியிருக்கிறது என்று சொல்வேன், விலை அதிகம் என்று சொல்வேன். என் ஆங்கிலத்தில் பொத்தான்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். எனக்குப் பயமாக இருந்தது. பொத்தானும் தக்காளியும் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத தகப்பனோடு அவள் எப்படி வளர்வாள்?

4

தேவியின் அப்பா இன்சீனில் இருக்கிறார். பெயர் மாரியப்பன், அக்கம்பக்கத்தில் மரியாதையாக ஊ மாரி. ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் அன்னதானத்துக்குப் பொறுப்பு. தாத்தா பாட்டிகளும் வரலாம் என்று செய்தியில் இருந்ததால், அவர் வந்தால் யாழினிக்குத் தைரியமாக இருக்கும் என்று போன் செய்தேன். இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைத்தது.

"வெள்ளிக்கிழமை நம்ம பாப்பா ஸ்கூல்ல எலை போடறாங்க மாமா. நீங்களும் வரோணுமுங்க" என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். இந்தக் காலத்திலும் பள்ளிக்கோடத்தில் இப்படிச் செய்கிறார்களா என்று கேட்டார். எத்தனை இலை என்றார். பிள்ளைக்கு ஐந்து, இருபது பிள்ளைகள் என்றேன். நூறு என்று உடனே கணக்குப் போட்டார். அதற்கென்ன, யபாதே யபாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். யபாதே என்றால் பரவாயில்லை. நுனி இலை வேண்டுமா என்று கேட்டார். எதுவானாலும் சரி, பழுத்த இலையாக இருந்தால் நல்லது என்றேன்.



"பழுத்த எலையா? சின்னப் பிள்ளைவளுக்கா, மாப்புள?"

"அவங்க அதுதான் கேக்கறாங்க மாமா."

காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நூறு இலையையும் அவரே பொறுக்கித் தருகிறேன் என்கிறாரே, பேத்தி மேல் என்ன பாசம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இலை போடுவது என்றால் பந்தி போடுவது என்று தமிழ் பேசும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுவதும் இலை என்றால் விசிறிக்கு முன்னால் பறக்கும் சாமான் என்றே என் மண்டையில் ஏறியிருந்தது. நாங்கள் இருவரும் சுத்தமான தமிழில் பேசி, ஒருவரையொருவர் முழுதாகப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்து, போனை வைத்தோம்.

அந்த நம்பிக்கையில் பாதியும் அவநம்பிக்கையில் பாதியுமாக நானும் யாழினியும் எங்கள் பங்குக்கு இலை தேடிப் போனோம். குடை பிடித்துக்கொண்டு மரம் மரமாக நின்றோம். உதிர்ந்த இலை எல்லாம் பச்சையாகவும் அழுகியும் சாக்கடையில் கிடந்தது. ஒரு வாதாங்கொட்டை மரத்தடியில் ஒன்றே ஒன்று நல்ல சிவப்பாக அகப்பட்டது. மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டுக் குரோட்டன்ஸ் செடியில் கை வைத்தேன். அந்த வீட்டு அம்மாள் மாடியிலிருந்து பார்த்தார். பள்ளிக்கு என்று சொல்லத் தெரியாமல், தக்காளி என்றேன்.

வீட்டில் தேவி ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கினாள். 'இந்த இலை சிவப்பாக இருக்கிறது.' யாழினி மூன்று மொழியிலும் பிசிறில்லாமல் சொன்னாள், குதித்துக்கொண்டே சொன்னாள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் சொன்னாள். வீட்டில் சொல்வது எப்போதுமே பிரச்சினை இல்லை.

5

வெள்ளிக்கிழமை காலையில் மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. இருபது பிள்ளைகளும் எங்கள் தொழிற்சாலையின் பஞ்சு உடுப்புகளில் வரிசையாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கை இல்லாத உடுப்பு கிடைத்த பையன்தான் சௌகரியமாக இருந்தான். மூலையில் வீடியோவுக்காக ஒரு போனைத் தாங்கியில் மாட்டியிருந்தார்கள்.

கொண்டுவந்த இலைகளை ஒவ்வொருவராகக் காட்டினார்கள். ஒரு பெண் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் இலைகளை விலைச்சீட்டோடு கொண்டுவந்தாள். வெற்றிலைக் கடைக்காரர் மகன் ஐந்து வெற்றிலை கொண்டுவந்தான், ஒன்றில் சுண்ணாம்பு தடவியிருந்தது. இன்னொரு பையன் ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். இலையைத் தின்கிற ஊர் இது, அவன் செய்ததில் தவறு சொல்ல முடியாது. யாழினியின் முறை வந்தது. சிவப்பு இலையை நீட்டினாள். சயாமாஜி குனிந்து, இது என்ன நிறம் என்று அன்பாகக் கேட்டார். யாழினி அவரைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் தேவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சயாமாஜி மெதுவாகத் தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் மகளிடம் தமிழில் கடைசியாக என்ன சொல்வது என்று கூட யோசிக்க ஆரம்பித்தேன். அப்போது வாசலில் சத்தம் கேட்டது.

மாமா வந்துவிட்டார். தனியாக இல்லை. கோயில் சமையல்காரர்கள் இரண்டு பேர், மூன்று பெரிய பாத்திரங்கள், ஒரு வாளி, ஒரு கட்டு வாழையிலை. வெளியிலிருந்து எதையும் உள்ளே விடக் கூடாது என்று காவலாளி தடுத்திருக்கிறார். மாமா பர்மிய மொழியில் சட்டம் பேசினார். இலை கொண்டுவரச் சொன்னீர்களா இல்லையா? சொன்னோம். இது இலையா இல்லையா? இலைதான். காவலாளி கதவை விட்டு ஒதுங்கினார். சாம்பார் வாசனையும் மாமா பக்கமே இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை. மாமா வகுப்பறையை ஒரு பார்வை பார்த்தார், பிள்ளைகள் பஞ்சு உடுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சாப்பிட வந்த பிள்ளைகளை ஏன் இப்படிப் போர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு என்னிடம் தனியாக வந்தார்.

"பழுத்த எலை எவனும் தர மாட்டேன்னுட்டான் மாப்புள. பச்சைதான் கெடச்சுது. கோவிச்சுக்காதிய."

சயாமாஜி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் பாடத்திட்டத்தைப் புரட்டினார். 'பிள்ளைகள் இலைகளைத் தொட்டும் முகர்ந்தும் ஆராய்வார்கள்' என்று ஒரு வரி இருந்தது. 'அறுவடை உணவைப் பகிர்ந்துகொள்வார்கள்' என்று இன்னொன்றும் இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு உடுப்புகளைக் கழற்றச் சொன்னார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் வகுப்பே அதிர்ந்தது.

இரண்டு வரிசையாக இலை போட்டார்கள். மாமா தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். உப்பு வைப்பது வீட்டுப் பிள்ளையின் வேலை என்று சொல்லி, உப்புக் கிண்ணத்தை யாழினி கையில் கொடுத்தார். அவள் ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடந்தாள். யாராவது உப்பை நக்கினால் மறுபடி வைத்தாள். சோறு, சாம்பார், கத்திரிக்காய், பாயசம். வெற்றிலைக்காரர் மகன் மூன்று முறை பாயசம் வாங்கினான்.

6

சாப்பாடு முடிந்தது. சயாமாஜிக்கு வீடியோ கவலை. இதுவரை எடுத்ததில் இலை உதிரும் காட்சி ஒன்றும் இல்லை. விசிறியைப் போடச் சொன்னார். பிளாஸ்டிக் இலையும் என் குரோட்டன்ஸும் சுழன்று வந்து மிஞ்சிய பாயசத்தில் விழுந்தன. அதையே சாக்காக வைத்துக்கொண்டு, மரத்திலிருந்து இலைகள் ஏன் விழுகின்றன என்று ஆங்கிலத்திலும் பிறகு பர்மியத்திலும் கேட்டார்.

காற்று அடிப்பதால் என்றாள் ஒரு பெண். கரண்ட் வந்ததால் என்றான் ஒருவன். சயாமாஜி விசிறி போட்டதால் என்றது மூன்றாவது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. விசிறி மெல்ல நின்றது. இனி யார் பதில் சொல்வார்கள் என்று சயாமாஜி சுற்றிலும் பார்த்தார்.  சாப்பிட்ட களைப்பில் பாதிப் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள்.

யாழினி தாத்தாவோடு சேர்ந்து இலை எடுத்துக்கொண்டிருந்தாள். மடித்த எச்சில் இலை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாளியை நோக்கிப் போனவள், சயாமாஜியின் முன்னால் நின்றாள். இது கூடவா தெரியவில்லை என்ற முகம்.

"மரம் சாப்ட்டு முடிச்சிருச்சு, சயாமா. அதான் எலைய எடுத்துப் போடுது."

தேவி என் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். சயாமாஜிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, ஆனால் அந்தக் குரலை அவர் முதன்முதலாகக் கேட்கிறார், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமா அதைப் பர்மியத்தில் எடுத்துச் சொன்னார். இலைதான் மரத்துக்குச் சமைத்துப் போடுகிறது, பருவம் முடிந்ததும் சாப்பாடு போதும் என்று மரம் இலையை உதிர்க்கிறது என்று பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததாம். அதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று வாரம் முழுவதும் யோசித்தேன் என்று சயாமாஜி பிறகு எங்களிடம் சொன்னார்.

அப்போது அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. குழந்தை மறுபடி மௌனமாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் அவசரமாக அடுத்த கேள்வியைக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைக் காட்டி, அப்படியானால் இதில் மட்டும் ஏன் ஓர் இலையும் விழவில்லை என்றார். பர்மியத்தில்தான் கேட்டார். யாழினி மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் அது பச்சையாக நின்றது. அதன் அடியில் காவலாளி சாம்பார் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊரு மரத்துக்கு இன்னும் பசிக்குது" என்றாள்.

ஒன்பது வருடமாக நம்ம ஊர் என்று வீட்டில் நான் சொல்லும்போதெல்லாம் தாராபுரத்தைத்தான் சொல்லிவந்தேன். அவள் சொன்ன நம்ம ஊர் அது இல்லை. எனக்கு அது வலித்தது. வலித்த இடத்திலேயே சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க நான் முயலவில்லை.

மாமா இதையும் பர்மியத்தில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நின்ற பெற்றோர்கள் கூடச் சிரிக்கவில்லை.  காலையிலிருந்து சயாமாஜி ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கட்டிலிருந்து ஒரு நுனி இலையை உருவிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சயாமாஜி சின்னப் பிள்ளைகளின் வரிசையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

யாழினி உப்புக் கிண்ணத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"உப்பு வைக்கவா, சயாமா?"

அவருக்குப் புரியவில்லை. உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தேவியைப் பார்த்தார். தேவியும் திறக்கவில்லை. யாழினி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பேசுவதுபோல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, தமிழிலேயே திரும்பக் கேட்டாள்.